துளையிடாத கல்: மல்லாங்கிணறு வட்டாரத்தில் கம்பிக்கட்டுப் பதக்கம் – ஓர் ஆய்வு

முன்னுரை

ஓடையில் கிடந்த ஒரு கல்லையோ கரையில் ஒதுங்கிய ஒரு சிப்பியையோ எடுத்து, துளையிடாமல், பசை வைத்து ஒட்டாமல், உலோகக் கம்பியால் மட்டும் சுற்றிப் பிடித்துக் கழுத்தில் தொங்கவிடும் பதக்கமே இக்கட்டுரையின் பொருள். நம் பக்கத்துப் பேச்சில் அது ஒரு டாலர். சங்கிலியிலோ கறுப்புக் கயிற்றிலோ கோத்துக்கொள்ளலாம். இன்று பலர் இதை வெளிநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்குக் கைவேலை என்று நினைக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்து மண்ணில் கல்லுக்கும் சங்குக்கும் அணிகலன் என்ற உறவு ஈராயிரம் ஆண்டுக்குக் குறையாதது. அந்த உறவில் கம்பிக்கட்டு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாது என்று பார்ப்பதே நோக்கம்.

நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். கம்பிக்கட்டின் தனிச்சிறப்பு அதன் அலங்காரச் சுருள்களில் இல்லை. கல்லை அது மாற்றுவதே இல்லை என்பதில் இருக்கிறது. கம்பியைப் பிரித்தால் கல் எடுத்தபடியே திரும்பக் கிடைக்கும். ஆகவே இக்கலையில் முதன்மையான திறன் கை வளைப்பதில் வருவதன்று. எந்தக் கல்லை எங்கிருந்து எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது என்று தெரிவதில் வருவது.

1. களமும் முன்வரலாறும்

மல்லாங்கிணறு காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. சுற்றிலும் கரிசல். கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் இந்த ஊர்க்காரர். 2021இல் தொல்லியல் துறைக்குப் பொறுப்பேற்ற அமைச்சர் தங்கம் தென்னரசு அவருடைய தம்பி. அவர் பொறுப்பேற்ற மறு ஆண்டே, 2022 மார்ச் 16 அன்று, இதே மாவட்டத்தின் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் வைப்பாற்றங்கரை மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 3,200க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. 2023இல் நடந்த இரண்டாம் கட்டத்தில் 4,600க்கும் மேற்பட்டவை. 2024இல் மூன்றாம் கட்டம் தொடங்கியது. கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சுடுமண் உருவங்கள், தங்க அணிகள், நுண்கற்கருவிகள் எல்லாம் அங்கே உண்டு. நம் தலைப்புக்கு மிகவும் வேண்டியவை சங்கு வளையல்களும் வளையல் அறுத்து மிஞ்சிய சங்குத் துண்டுகளும்.

வெட்டிக் கழித்த துண்டு கிடைக்கிறது என்றால், வளையல் வெளியூரிலிருந்து வாங்கி வந்த பொருள் மட்டுமன்று. அங்கேயே அறுத்தார்கள் என்று கொள்ள இடமுண்டு. வெம்பக்கோட்டையில் கடல் இல்லை. ஆனால் அந்த மேட்டை ஒட்டி ஓடும் வைப்பாறு கடைசியில் தூத்துக்குடி மாவட்டத்தில் சிப்பிகுளத்துப் பக்கம் மன்னார் வளைகுடாவில்தான் விழுகிறது. முழுச்சங்கு கடலிலிருந்து மேட்டுக்கு வந்து, அங்கே வளையலாகியிருக்கிறது. பட்டாசுத் தாலுகா என்று மட்டும் நாம் அறிந்திருக்கும் வெம்பக்கோட்டை, அதற்கு வெகுகாலம் முன்பே கைவினைத் தாலுகாவாக இருந்திருக்கிறது. இதை இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கறுத்தல் பாண்டிய நாட்டின் பழந்தொழில்களில் ஒன்று. மதுரை வீதியில் சங்கை அறுத்து வளை கடைவோரையும் மணிகளுக்குத் துளையிடுவோரையும் மதுரைக்காஞ்சி சேர்த்தே காட்டுகிறது. நக்கீரரைச் சங்கறுக்கும் குலத்தவராகச் சொல்வது வழிவழிக் கதை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியே தனி நூல் எழுதினார். கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டு, பழைய வளையல் தொழிலுக்கு அதைச் சான்றாக வைத்தவர் அவர். மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கு பிற்காலத்தில் வங்காளத்துக்குப் போய் அங்கே மணமான பெண்களின் கைவளையானது. அந்த வாணிகத்தில் கீழக்கரைக்குப் பெரும்பங்கு உண்டு.

கல்மணிக்கு ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் சான்று. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் அங்கே அகழ்ந்தபோது படிகம், பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம் ஆகியவற்றில் மூலக்கல், பாதி செதுக்கிய மணி, முடித்த மணி என்று தொழிலின் எல்லா நிலைகளும் கிடைத்தன. இந்தச் சான்றுகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வெட்டினார்கள், தேய்த்தார்கள், துளையிட்டார்கள். படிகத்தைத் துளையிட எஃகு போதாது. குஜராத்தின் கம்பாத்தில் மணித் தொழிலாளர்கள் வில்லால் சுழலும் துளைக்கருவியின் நுனியில் வைரத் துணுக்கு பதித்தே துளையிடுகிறார்கள். நம் முன்னோர் கைத்தொழிலின் உச்சம் துளைதான்.

கம்பியைச் சுற்றி அணி செய்வதும் பழையதே. மெசொபொத்தேமியாவின் ஊர் நகர அரச கல்லறைகளில் ஏறத்தாழ 4,500 ஆண்டுக்கு முந்தைய பொற்கம்பிச் சுருள் அணிகள் கிடைத்திருக்கின்றன. துளை வழியே கம்பி இழுக்கும் அச்சு பரவுவதற்கு முன், தகட்டைக் கீறி முறுக்கி உருட்டித்தான் கம்பி செய்தார்கள். நகை செய்யும் நம் பத்தர்கள் கம்பியச்சில் இழுத்து எடுக்கும் கம்பி அதன் பிந்திய வளர்ச்சி. ஆனால் துளையிடாத கல்லைக் கம்பியால் கட்டிப் பதக்கமாக்கியதை இந்த வட்டாரத்து மரபு என்று காட்ட எனக்குச் சான்று இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வேண்டியதில்லை. துளைக்கும் மரபு வாய்த்த மண்ணில் துளைக்காத முறை ஒன்று இப்போது வந்து சேர்கிறது. வரட்டும்.

2. கல்

கரிசலில் கல் பொறுக்குவோருக்கு முதலில் கண்ணில் படுவது சுண்ணாம்புக் கட்டிகள். மழைக்குப் பின் கறுப்பு மண்ணில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பதக்கத்துக்கு ஆகாது, கம்பி இறுகினால் மாவாக உதிரும். தேட வேண்டியது வெங்கச்சங்கல். படிக வகையைச் சேர்ந்த இது ஓடைகளிலும், திருச்சுழி வழியே ஓடும் குண்டாற்று மணலிலும், வைப்பாற்றிலும், தண்ணீரில் உருண்டு முனை மழுங்கிய கூழாங்கல்லாகக் கிடைக்கும். பால் வெள்ளை, புகை நிறம், இரும்புக் கறை ஏறிய தேன் நிறம் என்று பலவிதம். பந்தல்குடிப் பக்கத்துப் பளபளப்பான சுண்ணாம்புக்கல்லும் வெள்ளைதான். சிமெண்டுக்குப் போகும் கல் அது. இரண்டையும் கண்ணால் பிரிப்பது புதியவருக்குக் கடினம்.

பிரிக்க எளிய வழி கடினத்தைச் சோதிப்பது. ஜெர்மானியக் கனிமவியலார் மோஸ் 1812இல் வகுத்த பத்துப் படி அளவில் சுண்ணாம்புக்கல் 3, கண்ணாடியும் எஃகுக் கத்தியும் 5.5 அளவில், களிக்கல் 6, வெங்கச்சங்கல் 7. கத்தி நுனியால் கீறினால் சுண்ணாம்புக்கல்லில் கோடு விழும். வெங்கச்சங்கல்லில் கத்தியின் இரும்புதான் கறுப்பாகத் தேய்ந்து ஒட்டும். இன்னும் ஐயம் இருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் விட்டுப் பார்க்கலாம்; சுண்ணாம்பு நுரைக்கும்.

கடினத்தைவிட முக்கியமானது வடிவம். முழு உருண்டைக் கல் அழகாக இருக்கும். கம்பிக்கு அதைப் போலத் தொல்லை வேறில்லை. எந்தப் பக்கம் இறுக்கினாலும் எதிர்ப்பக்கம் வழுக்கும். நடுவில் லேசாக ஒடுங்கி இடுப்பு உள்ள கல், ஒரு முனை அகன்று மறுமுனை கூரான கல், ஓரத்தில் இயற்கையாகவே பள்ளம் விழுந்த கல் ஆகியவை கம்பியை ஏற்கும். மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல் கழுத்தில் கனக்கும். விரிசல் உள்ள கல்லை, எத்தனை அழகாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும். நகத்தால் தட்டிக் கேட்டால் விரிசல் கல்லின் ஓசை மந்தமாக இருக்கும்.

எடுத்த கல்லுடன் எடுத்த இடத்தையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் ஊர், ஓடை அல்லது ஆறு, மாதம், ஆண்டு எழுதி அதே பொட்டலத்தில் போட்டால் போதும். இதை ஒழுங்காகச் செய்பவர் மிகச் சிலர். ஒரு பெட்டி நிறையக் கூழாங்கல் வைத்திருப்பவரிடம் எது எந்த ஆற்றுக்கல் என்று கேட்டுப் பாருங்கள். எடுத்தது என்பதுதான் இந்த அணியின் மதிப்பு. எங்கே எடுத்தது என்று தெரியாமல் போனால் அது கடைக் கல்லுக்குச் சமம்.

3. சிப்பி

கடல் இல்லாத ஊரில் சிப்பிக்கு எங்கே போவது என்ற கேள்விக்குக் கண்மாயே விடை. கோடையில் கண்மாய் வற்றும்போது சேற்றில் நன்னீர்ச் சிப்பிகளின் ஓடுகள் பரவிக் கிடக்கும். லாமெல்லிடென்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. வெளியே பழுப்புத் தோல், உள்ளே வானவில் பளபளப்பு. நன்னீர் முத்து வளர்க்க நம் நாட்டில் பயன்படுத்துவதும் இந்த இனம்தான். ஆனால் ஓடு மெல்லியது. வெயிலில் கிடந்தால் அடுக்கடுக்காகப் பிரியும். அந்த ஆண்டு இறந்த, இன்னும் மினுமினுப்புப் போகாத ஓட்டை எடுத்து, நிழலில் உலர்த்தி, ஓரத்தை நீரில் நனைத்த உப்புத்தாளில் தேய்த்து மழுக்கினால் பதக்கத்துக்கு ஆகும். உலர்வாகத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

கடற்சிப்பிகளில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. கரையில் ஒதுங்கிய மட்டிகளில் சிலவற்றில், கூர்முனைக்கு அருகே, கருவியால் போட்டதுபோல வட்டமான சின்னத் துளை இருக்கும். வெளிப்பக்கம் அகன்று உட்பக்கம் குறுகும். மனிதர் போட்டதன்று. நாட்டிகா வகை இரைகொல்லி நத்தை, மட்டியின் ஓட்டைத் துளைத்து உள்ளே இருந்ததைத் தின்று விட்டுப்போன துளை. இத்தகைய மட்டிக்குக் கம்பிக் கூடு கட்ட வேண்டியதில்லை. கம்பியை அந்தத் துளையிலேயே கோத்துச் சங்கிலி நுழையக் காது வைத்துவிடலாம்.

சிப்பியின் ஓடு கால்சியம் கார்பனேட், கடினம் 3.5 அளவில்தான். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் அதன்மேல் படக் கூடாது. செம்புக் கம்பியைப் புளி போட்டு விளக்குவது நம் வீட்டுப் பழக்கம். அதைக் கம்பி சுற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கட்டிய பின் புளியில் ஊறவைத்தால் கம்பி மின்னும், சிப்பி மங்கிப் போகும்.

4. கம்பி

நகைக் கம்பி வாங்க மதுரைக்குப் போக வேண்டும் என்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை எங்கும் உண்டு. அங்கே புதுச் சுருளில் மிச்சப்படும் செம்புக் கம்பியை எடைபோட்டுக் கொடுப்பார்கள். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்: பட்டறை வழக்கிலுள்ள அளவுப்படி 20 கேஜ் 0.91 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.71, 24 கேஜ் 0.56, 28 கேஜ் 0.38. கல்லைச் சூழும் கூட்டுக்கு 22, கூட்டுக் கம்பிகளைச் சேர்த்துக் கட்ட 28 போதும். கனமான கல்லானால் கூட்டுக்கு 20.

இந்தக் கம்பிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அது ஆலையிலேயே காய்ச்சி ஆறவைத்து இளக்கப்பட்ட செம்பு. பத்தர் குமுட்டி அடுப்பில் காய்ச்சுவதுபோல நாம் காய்ச்ச வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டங்களில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பட்டாசு மருந்து இருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் தீயை ஊதிச் செய்யும் எந்தக் கைவேலையையும் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தீயே இல்லாமல் செய்யக்கூடியது என்பதால்தான் கம்பிக்கட்டை அவர்கள் முன் வைக்கிறேன். ஊதுவிளக்கு கேட்கும் முறைகளைச் சிவகாசிப் பக்கம் அப்படியே கொண்டுவரக் கூடாது.

எரிந்த பழைய காயில் கம்பியை நெருப்பில் போட்டு அதன் மின்காப்புப் பூச்சை எடுப்பதும் கூடாது, புகை நஞ்சு. புதுக் கம்பியின் பூச்சு அப்படியே இருந்தால் நல்லதே. வியர்வையில் செம்பு பச்சைக் கறை விடாமல் அது காக்கும். வெறும் செம்பு நிறம் வேண்டுமானால் உப்புத்தாளால் உரசி எடுக்கலாம்.

தீபாவளிக்கு மறுநாள் தெருவெங்கும் கிடக்கும் கம்பி மத்தாப்பின் கம்பியைப் பிள்ளைகள் சேர்த்து வைப்பார்கள். செப்பு முலாம் பூசியதால் செம்புபோல் தோன்றும், உள்ளே இரும்பு. துருப்பிடிக்கும், வளைத்தால் திமிறும். அதைவிட முக்கியம், மத்தாப்பு மருந்தில் வழக்கமாகச் சேர்ந்தது பேரியம் நைட்ரேட். உச்ச நீதிமன்றம் 2018இல் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. அந்தச் சாம்பல் ஒட்டிய கம்பி கழுத்தில் கிடக்க வேண்டாம். ஜெர்மன் சில்வர் என்று விற்கும் கம்பியில் நிக்கல் உண்டு. சிலருக்குத் தோலில் தடிப்பு வரும்.

5. கட்டும் முறை

ஒரு தேன் நிற வெங்கச்சங்கல்லை எடுத்துக்கொள்வோம். இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். நூலைக் கல்லின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒருசுற்றுச் சுற்றி அளக்க வேண்டும். அந்த அளவோடு பதினைந்து சென்டிமீட்டர் கூட்டி 22 கேஜில் நான்கு துண்டு வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் பருத்தித் துணியில் பிடித்து இழுத்தால் நேராகும். நாலைந்து முறைக்கு மேல் இழுத்தால் விறைத்துவிடும்.

நான்கையும் பக்கம் பக்கமாக அடுக்கி நடுவில் 28 கேஜால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். உருண்டைக் கம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறப் பார்க்கும். கட்டை விரலால் தட்டையாக அமுக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். நடுக்கட்டின் இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இன்னும் ஒவ்வொரு கட்டு. இப்போது கையில் இருப்பது ஒரு பட்டை. கல்லின் குறுகிய முனையை நடுக்கட்டின்மேல் வைத்துப் பட்டையை இருபுறமும் விளிம்போடு மேலேற்ற வேண்டும். அகன்ற முனையின் உச்சியில் எட்டுக் கம்பி நுனிகளும் சந்திக்கும். அங்கே 28 கேஜால் ஐந்தாறு சுற்று இறுக்கமாக.

இந்த நிலையில் கல் பிடிபட்டதுபோல் தெரியும். பிடிபடவில்லை, முன்னால் தள்ளினால் விழுந்துவிடும். பிடி வருவது அடுத்த படியில்தான். பட்டையின் முன்ஓரக் கம்பியைக் கட்டுகளுக்கு இடையே குறட்டின் நுனியால் மெல்லப் பற்றிக் கல்லின் முகத்தின்மேல் இழுக்க வேண்டும். கம்பி ஒரு சின்ன வளைவாகக் கல்மேல் ஏறும். பின்ஓரக் கம்பியைப் பின்முகத்தின்மேல் அப்படியே. நான்கு இடங்களில் முன்னும் நான்கு இடங்களில் பின்னும் இப்படி ஏறினால் கல் உடும்புப் பிடியாக நிற்கும். குறட்டின் தாடையில் தாள்நாடா சுற்றியிருந்தால் கம்பியில் தழும்பு விழாது.

உச்சியில் உள்ள எட்டு நுனிகளில் இரண்டைப் பென்சில்மேல் முன்னிருந்து பின்னுக்கு வளைத்தால் காது. அவற்றின் நுனியைக் கழுத்துப் பகுதியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிக்க வேண்டும். மிச்சம் ஆறில் இரண்டைச் சுருளாக்கிக் கல்லின் முகத்தில் படுக்க வைக்கலாம். மற்றவற்றை வெட்டி, நுனியைக் கட்டுக்குள் மடக்க வேண்டும். சுருள் இரண்டுக்கு மேல் போனால் கல் மறைந்துவிடும். கல்லைக் காட்டத்தான் இத்தனையும்.

முடிந்ததும் காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். கடகடவென்றால் தளர்வு. கட்டை விரலால் முன்னும் பின்னும் அழுத்திப் பார்க்க வேண்டும். பின் பழைய பட்டுத்துணியின்மேல் தேய்த்தால், நூல் சிக்கும் இடத்தில் கம்பி நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். செம்பு வளைய வளைய இறுகும் இயல்புடையது. ஒரே இடத்தை மூன்று நான்கு முறை வளைத்து நிமிர்த்தினால் ஒடியும். அதனால் கை தயங்காமல் ஒரே வளைப்பில் முடிப்பது நல்லது. இது பழகப் பழக வரும்.

6. எடுக்கக் கூடாதவை

இவ்வளவு எழுதியதும் இந்தப் பகுதிக்காகத்தான்.

கடற்கரையில் கிடப்பதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஒரு சிப்பியையும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் 24 சிப்பி, சங்கு இனங்கள் சேர்க்கப்பட்டன. பவளப் பாறைகளும் பாதுகாப்பில் வந்தன. நாட்டிலஸ் சங்கு, ராட்சதச் சிப்பி, சிலவகை விரற்சங்குகள் அந்த 24இல் அடக்கம். உயிர் போன ஓடுதானே என்பது சட்டத்தில் செல்லாது. பவளத் துண்டு கரையில் வெறுமனே கிடந்தாலும் அதைப் பதக்கமாக்குவது குற்றம்.

அதைவிட எனக்கு நெருடலாக இருப்பது மேடுகள். வைப்பாறு, குண்டாற்றுப் படுகைகளில் பானை ஓடு சிதறிய மேடுகள் பல. மழை பெய்த மறுநாள் அங்கே நடந்தால் ஒரு கண்ணாடி மணியோ சங்கு வளையல் துண்டோ சிவந்த சூதுபவளமோ மண்ணுக்கு மேலே கிடக்கும். ஏற்கெனவே துளையும் இருக்கும். பதக்கம் செய்பவரின் கை தானாக நீளும்.

நீளக் கூடாது. வெம்பக்கோட்டையில் கிடைத்த சங்குத் துண்டு தொழிற்கூடத்தின் சான்றாவது எதனால்? அது எந்தக் குழியில், எந்த அடுக்கில், எதனுடன் கிடந்தது என்று பதிவானதால். அதே துண்டை யாராவது பொறுக்கிக் கம்பியில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தால் அது வெறும் சங்கு. ஒரு மணி போனால் என்ன என்பார்கள். மேட்டுக்கு மேடு ஆளுக்கு ஒரு மணி என்று போனால், இனி அகழவரும் ஆய்வாளருக்கு மேல்மண்ணில் எஞ்சுவது பானை ஓடு மட்டும். மண்ணில் புதைந்த மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது.

துளையில்லாத கல் எல்லாம் ஆற்றிலும் ஓடையிலும் ஆண்டுதோறும் புதிதாக வந்து விழுகிறது. துளையுள்ள மணி இனி வரப்போவதில்லை. கம்பிக்கட்டைக் கற்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே இதைக் கற்க வேண்டும்; கற்றுக்கொடுப்போரும் குறட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும். ஆற்றுக் கல்லை எடுங்கள், கண்மாய்ச் சிப்பியை எடுங்கள், இடத்தை எழுதி வையுங்கள். மேட்டில் எது கண்ணில் பட்டாலும் தொடாமல், கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லிவிடுங்கள்.